‘சிலர்’ என்றால் குறைந்தது எத்தனை பேர்?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், க்ளெய்ம்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். கோவையில் பொறியியல் படித்தவள். தினமும் பாலிசி ஆவணங்களையும் வக்கீல் கடிதங்களையும் படித்துப் படித்து, சட்டமே படித்துவிடலாமே என்ற ஆசை வந்துவிட்டது. லா ஸ்கூலில் சேர எல்சாட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் நன்றாகவே போகிறது. லாஜிக்கல் ரீசனிங்கில் ‘ஆல்’, ‘மோஸ்ட்’, ‘சம்’, ‘ஒன்லி’, ‘அன்லெஸ்’ வரும் கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது. அம்புக்குறி போட்ட விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். நேரம் வைத்து எழுதினால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. தமிழில் மாற்றி யோசி என்கிறாள் தோழி. கணக்குப் போல எண் வைத்துப் பார் என்கிறார் கணவர். எது சரி? தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. தள்ளிப் போடலாமா?

— பெயர் வேண்டாம், எடிசன்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சுவரில் ஒட்டியிருக்கும் தாளை முதலில் எடுத்துவிடுங்கள். அதில் உள்ள விதிகள் தவறானவை என்பதால் சொல்லவில்லை. ஒரு விதி ஏன் சரி என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால், பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் தவறான விதியையும் மனம் அதே நம்பிக்கையோடு எடுத்துக் கொடுத்துவிடும். 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25 கேள்வி என்று கடிகாரம் ஓடும்போது எது அசல், எது போலி என்று நின்று பார்க்க நேரம் இருக்காது. இந்தத் தேர்வுக்குப் பாடம் எடுப்பதுதான் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் கடுமையாக உழைப்பவர்களே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும். திறமைக்கு ஒரு குறையும் இல்லை, படித்த முறைதான் கோளாறு.

நீங்கள் தடுமாறும் இடம் தேர்வின் ஏதோ ஓர் ஓரத்தில் இல்லை, நடுவிலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மதிப்பெண்ணுக்குச் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒன்று ரீடிங் காம்ப்ரிஹென்ஷன். நான்காவதாக வரும் பகுதி மதிப்பெண்ணில் சேராத சோதனைப் பகுதி; எது அது என்று எழுதும்போது தெரியாது. ‘ஆல்’, ‘மோஸ்ட்’, ‘சம்’ போன்ற அளவுச்சொற்களை மட்டும் நேரடியாகச் சோதிக்கும் கேள்விகள் குறைவுதான். ஆனால் மற்ற கேள்விகளிலும் தவறான விடைகளைத் தவறாக்குவது பல சமயம் ஒரே ஒரு ‘மோஸ்ட்’, ஒரே ஒரு ‘ஒன்லி’. அதனால் இதைச் சரிசெய்தால் பலன் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

க்ளெய்ம்ஸ் பிரிவில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பாலிசி எடுத்தவர் என்ன நினைத்து எடுத்தார், ஏஜென்ட் என்ன சொல்லி விற்றார் என்பதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், ஆவணத்தில் உள்ள சொற்கள் எதற்குப் பொறுப்பேற்கின்றன என்றுதானே பார்ப்பீர்கள்? எல்சாட்டில் ஒவ்வொரு அளவுச்சொல்லையும் அப்படித்தான் படிக்க வேண்டும். சொன்னவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கூடாது. இந்த வாக்கியம் உண்மை என்றால் குறைந்தபட்சம் எது கட்டாயம் உண்மையாக இருந்தாக வேண்டும்? உங்கள் கையில் இருப்பது அந்தக் குறைந்தபட்சம் மட்டும்தான். மீதியெல்லாம் நீங்களாகச் சேர்த்துக்கொண்டது.

எதையும் வெறும் எழுத்துக்களை வைத்து யோசிக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்னக் குழுவை எடுத்துக்கொண்டு அதில் சோதித்துப் பாருங்கள். நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை. 2022 ஜூனில் கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் பதவியேற்றபோது அமைந்த ஒன்பது பேர் அமர்வு அது. ஜான் ராபர்ட்ஸ், எலினா கேகன், நீல் கோர்சச், ஜாக்சன் ஆகிய நால்வரும் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் படித்தவர்கள். கிளாரன்ஸ் தாமஸ், சாமுவேல் அலிட்டோ, சோனியா சோட்டோமயோர், பிரெட் கேவனா ஆகிய நால்வர் யேல். ஏமி கோனி பாரெட் மட்டும் நோட்ரே டேம். ஐந்து ஆண்கள், நான்கு பெண்கள். தாமஸை நியமித்தவர் மூத்த புஷ், ராபர்ட்ஸையும் அலிட்டோவையும் இளைய புஷ், சோட்டோமயோரையும் கேகனையும் ஒபாமா, கோர்சச், கேவனா, பாரெட் மூவரையும் டிரம்ப், ஜாக்சனை பைடன். இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இதற்கு மேல் கருவி எதுவும் தேவையில்லை.

‘சம்’ என்ற சொல்லில் தொடங்கலாம். ‘சில நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள்’ என்று யாராவது சொன்னால் நமக்கு நெருடும். மற்றவர்கள் படிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். எல்லோரும் படித்தவர்கள் என்று தெரிந்தவர் எல்லோரும் என்றுதானே சொல்லியிருப்பார் என்பது பேச்சில் நாம் போடும் கணக்கு. தேர்வில் அந்தக் கணக்கு செல்லாது. ‘சம்’ என்றால் குறைந்தது ஒருவர், அவ்வளவுதான். ஒன்பது பேரும் இருக்கலாம், ஒருவர் மட்டும் இருக்கலாம். ‘சில நீதிபதிகள் நோட்ரே டேமில் படித்தவர்கள்’ என்பதும் இந்த அர்த்தத்தில் உண்மையே, பாரெட் ஒருவர் போதும். உங்கள் தோழி சொன்ன வழி இங்கேதான் சறுக்குகிறது. ‘சிலர்’ என்று தமிழில் மாற்றினால் இரண்டு மூன்று பேராவது, ஆனால் எல்லோரும் இல்லை என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் ‘ஒருவராவது’ என்று மாற்றுங்கள். அது சரியான அளவு.

‘மோஸ்ட்’ என்றால் பாதிக்கு மேல். அதுவும் எல்லோரையும் விலக்குவதில்லை. ஒன்பது பேரில் ஐந்து பேர் ஆண்கள் என்பதால் ‘பெரும்பாலான நீதிபதிகள் ஆண்கள்’ என்பது உண்மை. எட்டுப் பேர் ஹார்வர்டிலோ யேலிலோ படித்தவர்கள் என்பதால் ‘பெரும்பாலான நீதிபதிகள் அந்த இரண்டு பள்ளிகளில் படித்தவர்கள்’ என்பதும் உண்மை. இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? ‘அந்த இரண்டு பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் உச்ச நீதிமன்ற நீதிபதிகள்.’ அங்கே படித்த ஆயிரக்கணக்கானவர்களை நினைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ‘சம்’ திரும்பும், ‘மோஸ்ட்’ திரும்பாது என்று உங்கள் தாளில் எழுதியிருப்பீர்கள். காரணம் இதுதான். பாதி என்பது யாருடைய பாதி என்று கேட்டால் பதில் வாக்கியத்தின் முதல் குழுவில் இருக்கிறது. குழு மாறினால் பாதியும் மாறிவிடும். ‘ஒருவராவது’ என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. நீதிபதியாகவும் பெண்ணாகவும் இருக்கும் அந்த ஒருவரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவர் அவர்தான்.

‘ஆல்’ உங்களுக்குத் தெரியும், நீட்டவில்லை. ‘எல்லா ஆண் நீதிபதிகளும் ஹார்வர்டிலோ யேலிலோ படித்தவர்கள்’ என்பது நம் அமர்வில் உண்மை. ஆகவே அந்த இரண்டிலும் படிக்காதவர் ஆணாக இருக்க முடியாது. வகுப்புகளில் கான்ட்ராபாசிட்டிவ் என்று சொல்வது இதைத்தான். ஆனால் அங்கே படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று ஆகாது. கேகன், சோட்டோமயோர், ஜாக்சன் மூவரும் இருக்கிறார்கள். ‘எல்லோரும்’ என்றால் அந்தக் குழுவில் ஒருவராவது இருக்கிறார் என்று அர்த்தமா என்ற விவாதத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அரிஸ்டாட்டில் வழியில் வந்த பழைய தர்க்கம் ஆம் என்று எடுத்துக்கொண்டது. 1879-இல் கோட்லோப் ஃப்ரேகெ தொடங்கிவைத்த நவீன தர்க்கம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ருசிகரமான விஷயம்தான். ஆனால் தேர்வுப் பத்திகளில் பேசப்படும் குழுக்களில் ஆட்கள் இருப்பார்கள். ஆறு வாரம் கையில் இருக்கும்போது இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

உங்களைக் கலங்கடிப்பது இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து முடிவுக்கு வரும் இடம் என்று நினைக்கிறேன். அதற்கு அம்புக்குறி விதிகள் ஏழெட்டு இருக்கும். அவற்றை விட்டுவிட்டு ஒன்று மட்டும் செய்யுங்கள்: முதல் வாக்கியத்திலிருந்து ஓர் ஆளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்துக்குள் நடங்கள். அவரை அந்த வாக்கியம் கட்டாயம் அடுத்த இடத்துக்கு அழைத்துப் போகிறதா, அல்லது வாசலிலேயே கைவிட்டுவிடுகிறதா என்று பாருங்கள்.

‘டிரம்ப் நியமித்தவர்களில் சிலர் ஆண்கள். எல்லா ஆண்களும் ஹார்வர்ட் அல்லது யேல்.’ முதல் வாக்கியம் கோர்சச்சை நம் கையில் தருகிறது. அவர் ஆண். இரண்டாவது வாக்கியம் எல்லா ஆண்களையும் பற்றிப் பேசுவதால் அவரை விட்டுவிட முடியாது. ஆகவே டிரம்ப் நியமித்தவர்களில் ஒருவராவது ஹார்வர்ட் அல்லது யேல். ‘சிலர்’ இருந்த இடத்தில் ‘பெரும்பாலோர்’ இருந்தாலும் இதே நடைதான். மூவரில் இருவரைக் கையில் பிடித்தோம், இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே பெரும்பாலோர்.

இப்போது வரிசையை மாற்றுங்கள். ‘ஒபாமா நியமித்த எல்லோரும் பெண்கள். பெண் நீதிபதிகளில் சிலர் நோட்ரே டேமில் படித்தவர்கள்.’ இரண்டும் உண்மை. அப்படியானால் ஒபாமா நியமித்தவர்களில் சிலர் நோட்ரே டேமா? சோட்டோமயோரைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். அவர் பெண், அதுவரை சரி. இரண்டாவது வாக்கியம் பெண்களில் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அந்த ஒருவர் இவர்தான் என்று சொல்லவில்லை. வாசலிலேயே கைவிட்டுவிட்டது. ‘சிலர்’ என்பதற்குப் பதில் ‘பெரும்பாலோர்’ வந்தாலும் காப்பாற்றாது. ‘நோட்ரே டேமில் படித்த நீதிபதிகள் எல்லோரும் பெண்கள், பெண் நீதிபதிகளில் பெரும்பாலோரை நியமித்தவர்கள் ஜனநாயகக் கட்சி அதிபர்கள்.’ நான்கு பெண்களில் மூவர், ஆகவே உண்மை. ஆனால் பாரெட்டை நியமித்தவர் டிரம்ப்.

இரண்டு ‘பெரும்பாலோர்’ ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது நல்ல மாணவர்களும் ஏமாறுவார்கள். ‘டிரம்ப் நியமித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆண் நீதிபதிகளில் பெரும்பாலோர் யேல்.’ முதலாவதில் மூவரில் இருவர், இரண்டாவதில் ஐவரில் மூவர், இரண்டும் உண்மை. ஆனால் டிரம்ப் நியமித்தவர்களில் யேலில் படித்தவர் கேவனா ஒருவர்தான். இதிலிருந்து எந்த முடிவும் வராது. ‘சிலர்’ என்ற முடிவுகூட வராது. கேவனா இருப்பதால் நம் அமர்வில் அது தற்செயலாக உண்மையாகிவிடுகிறது, அவ்வளவுதான். தற்செயலாக உண்மையாக இருப்பதும் கட்டாயம் உண்மையாக இருப்பதும் வேறு வேறு. ‘மஸ்ட் பி ட்ரூ’ என்று கேட்கும் கேள்விகள் நிற்பதே இந்த வித்தியாசத்தின் மேல்தான்.

ஆனால் இரண்டு ‘பெரும்பாலோர்’ ஒரே குழுவிலிருந்து புறப்பட்டால் நிலைமை வேறு. ‘நீதிபதிகளில் பெரும்பாலோர் ஆண்கள். நீதிபதிகளில் பெரும்பாலோரை நியமித்தவர்கள் குடியரசுக் கட்சி அதிபர்கள்.’ ஐந்து பேர், ஆறு பேர். ஒன்பது நாற்காலிதான் இருக்கிறது. ஐந்தும் ஆறும் பதினொன்று. இரண்டு நாற்காலியிலாவது இரண்டு அடையாளமும் சேர்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆகவே குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த ஆண் ஒருவராவது இருக்கிறார். இங்கே உங்கள் கணவர் சொன்னதுதான் சரியான வழி. பாதிக்கு மேலும் பாதிக்கு மேலும் சேர்ந்தால் முழுதைத் தாண்டிவிடும், தாண்டிய அளவு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாக வேண்டும். இது தெரிந்துவிட்டால் விதியாக நினைவில் வைக்கத் தேவையில்லை, எந்தப் பதற்றத்திலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

எதிர்மறைக்கு வருவோம். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்ற பழமொழியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், மின்னும் எதுவுமே பொன் இல்லை என்றும் படிக்கலாம். நாம் யாரும் அப்படிப் படிப்பதில்லை; மின்னுவதில் பொன் அல்லாததும் உண்டு என்றே எடுத்துக்கொள்கிறோம். ‘நீதிபதிகள் எல்லோரும் யேலில் படிக்கவில்லை’ என்றாலும் இதே இரட்டை அர்த்தம் வரும். யாருமே படிக்கவில்லையா, எல்லோரும் படித்துவிடவில்லையா? ‘நாட் ஆல்’ வரும் வாக்கியத்தைத் தமிழில் மாற்றினால் உங்கள் மனம் இந்த இரண்டில் எதில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் அதை மாற்றாமல் நேராகப் படியுங்கள். ‘நாட் ஆல்’ என்றால் ஒருவராவது அப்படி இல்லை. மற்றவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்பதற்கு அது எந்த உறுதியும் தரவில்லை. ஒருவர்கூட அப்படி இல்லாவிட்டாலும் ‘நாட் ஆல்’ உண்மையே.

ஒரு வாதம் நிற்க எந்த ஊகம் கட்டாயம் தேவை என்று கேட்கும் ‘நெசஸரி அசம்ப்ஷன்’ கேள்விகளில் விடையை மறுத்துப் பார்ப்பீர்கள் அல்லவா, அங்கே இது நேரடியாக வேலை செய்யும். ‘எல்லோரும்’ என்பதன் மறுப்பு ‘ஒருவராவது இல்லை’. ‘யாரும் இல்லை’ என்று மறுத்துவிட்டால் வாதம் தேவைக்கு மேல் பலமாக அடிபட்டு, தவறான விடையும் சரியானது போலத் தோன்றும். ‘ஒருவராவது’ என்பதன் மறுப்பு ‘ஒருவரும் இல்லை’. ‘பெரும்பாலோர்’ என்பதன் மறுப்பு ‘பாதியோ அதற்குக் குறைவோ’. நான் பார்த்தவரை இந்த வகைக் கேள்வியில் போகும் மதிப்பெண்களில் நல்ல பங்கு மறுப்பைத் தப்பாகப் போட்டதால் போவது.

‘ஒன்லி’, ‘அன்லெஸ்’ இரண்டுக்கும் அமெரிக்க அரசியல் சட்டமே நல்ல பயிற்சி. அதிபராக வேண்டுமானால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 ஆண்டு நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும், பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும். ‘35 வயது ஆனவர்கள் மட்டுமே அதிபராகலாம்’ என்ற வாக்கியம் யாரைப் பற்றி உறுதி தருகிறது? அதிபரைப் பற்றி. அதிபர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு 35 ஆகியிருக்கும். 35 ஆனவர்களுக்கு அது எந்த உறுதியும் தரவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 2003 முதல் 2011 வரை கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தவர். வயதும் உண்டு, குடியிருப்பும் உண்டு, அதிபராக முடியாது. ‘மட்டுமே’ என்பது வாசலில் நிற்கும் காவலரைக் காட்டுகிறது, உள்ளே இடம் இருக்கிறது என்று சொல்வதில்லை. வாக்கியத்தில் ‘ஒன்லி’ எந்தக் குழுவின் முன்னால் ஒட்டியிருக்கிறதோ அதுதான் தேவையான நிபந்தனை. ‘தி ஒன்லி’ என்று வந்தால் எதிர்ப்பக்கம். ‘அதிபராகக் கூடியவர்கள் 35 ஆனவர்கள் மட்டுமே’ என்பதை ஆங்கிலத்தில் ‘தி ஒன்லி’ போட்டுச் சொன்னால், அதற்கு அடுத்து வரும் ‘அதிபராகக் கூடியவர்கள்’தான் நிபந்தனைக்கு உட்படும் குழு.

‘அன்லெஸ்’ வந்தால் அதை ‘இல்லாவிட்டால்’ என்று படித்தால் போதும். ‘பார் தேர்வில் தேறாவிட்டால் யாரும் வழக்கறிஞராக முடியாது’ என்றால், வழக்கறிஞர்கள் எல்லோரும் தேறியவர்கள் என்று அர்த்தம்; தேறியவர்கள் எல்லோரும் வழக்கறிஞர்கள் என்று அர்த்தம் இல்லை. இப்படி ஒரு பொது வாக்கியத்தைக் கவிழ்க்க எத்தனை பேர் வேண்டும்? ஒருவர் போதும். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள இரண்டு சட்டப் பள்ளிகளில் உரிய பாடங்களை முடித்துத் தேறியவர்கள் அந்த மாநிலத்தில் பார் தேர்வு எழுதாமலே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த வாக்கியம் அத்தோடு விழுந்தது. ஆனால் ‘பெரும்பாலான வழக்கறிஞர்கள் பார் தேர்வில் தேறியவர்கள்’ என்ற வாக்கியத்துக்கு விஸ்கான்சினால் ஒரு கீறலும் விழாது. ஒரு வாதத்தைத் தாக்கும் விடையைத் தேடும்போது, அந்த வாதம் ‘எல்லோரும்’ என்கிறதா ‘பெரும்பாலோர்’ என்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லும் விடை முதல் வகையை உடைக்கும், இரண்டாவது வகையைத் தொடாது.

‘மெனி’ எந்த விகிதத்தையும் சொல்வதில்லை. அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பல அமெரிக்கர்கள் வழக்கறிஞர்கள் என்பது உண்மை, பெரும்பாலோர் என்பது இல்லை. அதனால் ‘மெனி’ வந்தால் ‘ஒருவராவது’ என்பதற்கு மேல் நம்பாதீர்கள். ‘ஃப்யூ’ என்று மட்டும் வந்தால் பெரும்பாலோர் அப்படி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘எ ஃப்யூ’ என்று வந்தால் சிலர் அப்படி இருக்கிறார்கள் என்பது மட்டுமே. ‘யூஷுவலி’, ‘டிபிகலி’, ‘ஜெனரலி’ எல்லாம் ‘மோஸ்ட்’ குடும்பம்.

இத்தனையையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அளவுச்சொல்லை எல்லோரும் பார்க்கிறார்கள். அது எந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறது என்பதைத்தான் தவறவிடுகிறார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்தே ஒரு வாதத்தைக் கற்பனை செய்கிறேன்: ‘நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம்களை எதிர்த்துச் செய்யப்படும் மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை வெற்றி பெறுகின்றன. ஆகவே நிராகரிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை தவறாக நிராகரிக்கப்பட்டவை.’ ஆயிரம் நிராகரிக்கப்பட்டு, ஐம்பது பேர் மேல்முறையீடு செய்து, நாற்பது பேர் வென்றிருந்தால்? முன்கூற்று உண்மை. முடிவுக்கு ஆதாரம் நாற்பது மட்டும், மேல்முறையீட்டுக்கே வராத 950 பற்றி ஒன்றும் தெரியாது. தம் பக்கம் நியாயம் பலமாக இருப்பவர்கள்தான் மேல்முறையீடு செய்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். வேலையில் இந்த ஓட்டையை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதே கண்ணோடு தேர்வுப் பத்தியையும் படியுங்கள். முன்கூற்றில் எந்தக் குழு, முடிவில் எந்தக் குழு, இரண்டும் ஒன்றுதானா?

சட்டத்தில் இது வெறும் தேர்வு உத்தி இல்லை. 1868-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பதினான்காவது திருத்தத்தின் ஒரு வரி குடிமக்களின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த வரிகள் எந்த மாநிலமும் ‘எந்த நபருக்கும்’ சட்டத்தின் சம பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கின்றன. அங்கே குடிமகன் என்ற சொல் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சுமார் 200 சீனர்கள் கேட்டபோது மறுத்தார்கள், சீனர் அல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். 1886-இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, நாட்டின் அதிகார எல்லைக்குள் இருக்கும் எல்லா நபர்களுக்கும் உரியது என்று சொன்னது. குடியுரிமை இல்லாத சலவைத் தொழிலாளிகளைக் காப்பாற்றியதில் ‘எந்த நபருக்கும்’ என்ற அந்த அளவுச்சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் லா ஸ்கூலுக்குப் போனால் முதல் ஆண்டிலிருந்தே இப்படிப்பட்ட படிப்பைத்தான் படிக்கப் போகிறீர்கள். அதனால் இப்போது இதற்குக் கொடுக்கும் நேரம் தேர்வோடு போய்விடாது.

சரி, ஆறு வாரத்தை எப்படிச் செலவழிப்பது? முதல் இரண்டு வாரம் கடிகாரத்தைத் தொடாதீர்கள். தேர்வை நடத்தும் அமைப்பின் லாஹப் தளத்தில் உண்மையான பழைய தேர்வுகள் கிடைக்கும், சில இலவசமாகவே. அதில் லாஜிக்கல் ரீசனிங் பகுதிகளை எடுத்து, நாளைக்கு எட்டுப் பத்துக் கேள்விகள் மட்டும் போடுங்கள். அளவுச்சொல் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அது எந்தக் குழுவைப் பற்றியது, குறைந்தபட்சம் எதை உறுதி செய்கிறது என்று எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, ‘ஒருவராவது’, ‘பாதிக்கு மேல்’, ‘ஒருவர் விடாமல்’ என்ற சொற்களை வைத்துக்கொண்டால் பிசகாது. தவறான நான்கு விடைகளும் ஏன் தவறு என்று சொல்ல முடிகிற வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். சொல்ல முடியவில்லை என்றால் ஒன்பது நீதிபதிகளிடம் போங்கள், அல்லது நீங்களே ஒரு சின்னக் குழுவை உருவாக்கி, முன்கூற்றுகள் உண்மையாகவும் அந்த விடை பொய்யாகவும் இருக்கும்படி ஆட்களை உட்கார வைக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அந்த விடை கட்டாயம் உண்மை இல்லை.

இன்னொன்று. ‘மஸ்ட் பி ட்ரூ’, ‘நெசஸரி அசம்ப்ஷன்’ இரண்டிலும் பலவீனமான அளவுச்சொல் உள்ள விடையைச் சாதாரணமாக ஒதுக்கிவிடாதீர்கள். ‘ஒருவராவது’ என்பதை நிரூபிப்பது சுலபம், அதனால் அது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வாதத்தைப் பலப்படுத்தும் கேள்விகளிலும், முடிவை நிலைநாட்ட எந்த ஊகம் போதும் என்று கேட்கும் ‘சஃபிஷியன்ட் அசம்ப்ஷன்’ கேள்விகளிலும் நிலைமை தலைகீழ். அங்கே ‘எல்லோரும்’ என்று அழுத்திச் சொல்லும் விடைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு பகுதியாக 35 நிமிடம் வைத்து எழுதுங்கள். கடைசி இரண்டு வாரம் முழுத் தேர்வு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விட வேண்டாம்.

தள்ளிப் போடுவது பற்றி என் கருத்து: இரண்டாவது வாரக் கடைசியில், நேரம் இல்லாமல் எழுதும்போதே அளவுச்சொல் கேள்விகளில் தடுமாற்றம் இருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள். நிதானமாகவே வராதது வேகத்தில் வராது. நிதானத்தில் சரியாக வந்து, வேகத்தில் மட்டும் விட்டுப்போகிறது என்றால் குறித்த நாளிலேயே எழுதுங்கள். மீதமுள்ள வாரங்களில் அது பிடிபடும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்நாளில் ஏழு தடவைதான், மதிப்பெண்கள் கணக்கில் இருக்கும் காலத்துக்குள் ஐந்து தடவைதான். தேதி மாற்றக் கடைசி நாள் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்துவிடும், கட்டணமும் உண்டு. உங்கள் பதிவில் அந்த நாள் என்ன என்று இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வார முடிவுக்கு முன்னால் அது வந்தால், முடிவையும் அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.